பக்கத்தில் வந்து நிற்கிறவள்

கடைக்காரர் மேசைக்குப் பின்னால் உட்காருவார், வாங்க வந்தவர் முன்னால் நிற்பார். கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு, சுக்கு, ஏலம் விற்கும் எல்லாக் கடையிலும் இதுதான் நடைமுறை. அவள் மட்டும் உட்கார மாட்டாள். ஆள் உள்ளே நுழைந்ததும் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, வந்தவரின் பக்கத்தில் நிற்பாள். இருவருமாகச் சேர்ந்து மிளகு மூட்டையைப் பார்ப்பார்கள். ஒரு கைப்பிடி அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, அவரிடம் நீட்டி, "நல்லாப் பாருங்க. நாம ஏமாந்துடக் கூடாது" என்பாள்.

மிளகு அவளுடையது. விற்கிறவள் அவள். ஆனாலும் "நாம" என்பாள். வந்தவரும், எவனோ ஒருவன் தங்கள் இருவரையும் ஏமாற்ற எங்கோ ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொண்டு மிளகைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். பிறகு அவள் சொன்ன விலைக்கே வாங்குவார். போகும்போது முகத்தில் ஒரு நன்றி இருக்கும். பக்கத்துக் கடையில் உட்கார்ந்து இதை எத்தனையோ வருஷம் பார்த்தவன் நான். வயிறு எரியும்.

மரியாதைக்கு "அவர்" என்றுதான் எழுத வேண்டும். என் கைக்கு அது வரவில்லை. பெயரும் எழுதப் போவதில்லை. அவள் பெயரை எழுத ஊரில் சுவர்கள் நிறைய இருக்கின்றன. இப்போது தொலைக்காட்சியிலும் வருகிறாள். நாலு பேர் உட்கார்ந்து கத்துகிற விவாதத்தில் அவள் கத்துவதில்லை. கேமராவின் பக்கம் லேசாகச் சாய்ந்து, பார்க்கிறவரிடம் மட்டும் சொல்வதுபோலப் பேசுகிறாள். என் மனைவி சரசு சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள். "என்ன இருந்தாலும் மனுஷனுக்குப் பேச்சு வேணும்" என்கிறாள், என் பக்கம் திரும்பாமல்.

எங்கள் கடை என்றால் எனக்கும் கபீருக்கும் உரிய கடை. என் அப்பாவும் கபீரின் வாப்பாவும் சேர்ந்து தொடங்கியது. கபீர் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், என்னிடம் இரண்டும் கலந்து. வாசலுக்கு மேலே பலகையில் இரண்டு அப்பாக்களின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கும். வெள்ளிக்கிழமை உச்சிக்கு அவன் பள்ளிவாசலுக்குப் போனால் நான் கடையில் இருப்பேன். நான் சபரிமலைக்குப் போனால் அவன் இருப்பான். நான் தராசில் நிறுத்ததை அவன் இன்னொருதடவை நிறுத்துப் பார்ப்பான். மழை வருகிறது என்று நான் சொன்னால்கூட எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் சாக்கை உள்ளே இழுப்பான். அவன் சுபாவம் அது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அவள் வரும்வரை.

அவள் போடியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷனுக்குக் கடையில் மனசில்லை, அவளிடம் விட்டுவிட்டார். வந்த புதிதில் எங்களிடம்தான் சந்தேகம் கேட்பாள். "அண்ணே, சுக்குல பூச்சி விழுந்தா என்ன செய்வீங்க?" என்று வாசலில் வந்து நிற்பாள். நான் விளக்கமாகச் சொல்வேன். பாதியிலேயே அவள் கபீரைப் பார்த்துத் தலையாட்டத் தொடங்கிவிடுவாள், சொல்வது கபீர் என்பதுபோல. கொஞ்ச நாளில் கபீரே விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். சாயங்காலச் சாயாவை என்னோடு குடிக்கிறவன், தம்ளரை எடுத்துக்கொண்டு அவள் கடை வாசலுக்குப் போனான்.

ஊர் முழுக்க அவளைத் தெரியவந்தது லாரி வந்த அன்றைக்கு. எங்கள் பக்கத்தில் சரக்கு இறக்கும் உரிமை யூனியனில் உள்ள சுமட்டுத் தொழிலாளர்களுக்கு. அவர்களைக் கூப்பிடாமல் நாமே இறக்கினாலும், அவர்கள் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி கொடுக்க வேண்டும். நோக்குகூலி என்று பெயர். சட்டப்படி கூடாது, நடைமுறையில் உண்டு. நாங்கள் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்து வந்தோம். அன்று அவள் லாரியை நிறுத்தி, தன் ஆட்களை விட்டு இறக்கச் சொன்னாள். வடக்கேயிருந்து வந்த பையன்கள், அவள் கிடங்கிலேயே தங்கி வேலை செய்கிறவர்கள். சுமட்டுக்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவன் பாபு, நல்ல உயரம், பேசினால் தெரு அதிரும்.

அவள் சண்டை போடவில்லை. கடைக்குள்ளிருந்த பெஞ்சைத் தூக்கி வரச்சொல்லி லாரிக்கு எதிரே நிழலில் போட்டாள். "சேட்டா, பார்க்கிறதுதானே வேலை. நின்னுட்டுப் பார்த்தா கால் வலிக்கும். உட்கார்ந்து பாருங்க" என்றாள். எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் வந்தன. "இதுதான் கூலி. வேற கிடையாது." தெருவே சிரித்தது. பாபுவுக்கு உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. யாரோ போனில் படம் பிடித்து அது எல்லார் போனுக்கும் போனது.

நோக்குகூலி அநியாயம் என்று நான் சரசுவிடம் கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வந்திருக்கிறேன். அன்று சாயங்காலம் சரசு அந்தப் படத்தை எனக்கே காட்டி, "எவ்வளவு அநியாயம் பாருங்க" என்றாள்.

அதற்குப் பிறகு வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் அவள் பேசாத நாளில்லை. எழுந்தால் ஒரே விஷயம். வாங்குகிறவனும் விற்கிறவனும் போதும். நடுவில் யூனியன் வேண்டாம், ஆபீசர் வேண்டாம், வரிக்காரன் வேண்டாம். "நம்மளை நம்ம பாட்டுக்கு விட்டாலே போதும். மிளகு நல்லா இருந்தா விலை தானா வரும். சந்தைக்கு ஜாதி தெரியாது, மதம் தெரியாது, சரக்கு மட்டும்தான் தெரியும்."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கபீர் மனப்பாடம் பண்ணிவிட்டான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். பெருநாளுக்கு அவளைக் குடும்பத்தோடு வீட்டுக்குக் கூப்பிட்டான். நானும் போயிருந்தேன். என் தட்டில் பிரியாணியை அவன் மகள் வைத்தாள். அவள் தட்டில் கபீரே வைத்தான். சின்ன விஷயம்தான். ஆனால் நான் கவனித்தேன்.

"என்னடா, உன் குரு என்ன சொல்றா?" என்று மறுநாள் கேட்டேன்.

"நீ கேலி பண்ணு. இந்தத் தெருவில எங்க வாப்பா காலத்திலேருந்து யாராவது இப்படிப் பறஞ்சிருக்காங்களா? சரக்கைப் பாரு, ஆளைப் பார்க்காதேன்னு?"

நானும் அப்படித்தான் நினைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளைப் பார்த்துச் சொன்னதுபோல இருக்கும்.

பிறகு காலம் கெட்டது. கப்பலில் வந்திறங்கிய வெளிநாட்டு மிளகு நம் மிளகின் விலையை இழுத்துக்கொண்டு கீழே போனது. வெள்ளம் வந்தது, நோய் வந்தது, சுற்றுலாக்காரர்கள் நின்றார்கள். ஆட்கள் ஏலக்காயைக்கூடப் போனில் வாங்கக் கற்றுக்கொண்டார்கள். எனக்குக் கவலை இருந்தது. அதோடு, மறைப்பானேன், ஒரு சந்தோஷமும் இருந்தது. இப்போது என்ன சொல்லப்போகிறாள் என்று பார்க்கலாம். யாரும் தலையிடக் கூடாது, விலை தானாக வரும் என்றவள் ஆயிற்றே. வந்துவிட்டது விலை.

கூட்டத்தில் எழுந்து கேட்டேவிட்டேன். "சந்தைதானே எல்லாத்தையும் தீர்மானிக்கும்னு சொன்னீங்க. இப்ப அது தீர்மானிச்சிருச்சு. நாம கடையைச் சாத்திட்டுப் போலாமா?"

நல்ல கேள்வி. சரசுவிடம் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். அவள் மேடையிலிருந்து இறங்கி, நடுவில் வந்து, நாற்காலிகளுக்கு இடையே நின்றாள்.

"அண்ணன் கேட்டது நியாயம். ஆனா சந்தை தப்புப் பண்ணலை, அண்ணே. சந்தை எப்பவும் தப்புப் பண்ணாது. சந்தைக்குள்ள கள்ளன் பூந்திருக்கான். வீட்டில திருட்டுப் போனா வீட்டையா இடிப்போம்? கள்ளனைத்தானே வெளிய அனுப்புவோம்."

கைத்தட்டல். கபீரும் தட்டினான். என் கேள்வி அவள் பேச்சுக்கு முன்னுரை ஆகிப்போனது.

கள்ளன் யார் என்று அன்று அவள் சொல்லவில்லை. அதுதான் அவள் சாமர்த்தியம். ஒவ்வொருவரும் அவரவர் மனதில் இருந்த ஆளை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். நான் இறக்குமதிக்காரனை நினைத்தேன். கபீர் போனில் ஏலம் விற்கிற கம்பெனியை நினைத்தான். அவன் நினைத்ததை என்னிடம் சொன்னான், அதனால் தெரியும். பின்வரிசையில் இருந்தவர்கள் வேறு யாரையோ நினைத்திருக்கிறார்கள். எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அடுத்து வந்த மாதங்களில் அவள் கடை வாசலில் வியாபாரத்தைவிடக் கூட்டம் அதிகமாக இருந்தது. கூட்டத்தில் ஒருநாள் பாபுவைப் பார்த்தேன். அதே பெஞ்சில் இப்போது தானாகவே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வேலை போய் நாளாகிவிட்டது. ஒவ்வொரு கடைக்காரராக அவள் செய்ததையே செய்யத் தொடங்கியதால், சுமட்டுக்காரர்களை யாரும் கூப்பிடுவதில்லை. அவள் அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "உங்க வயித்தில அடிச்சது நானா, சேட்டா? யூனியன்காரன் உங்க பேரைச் சொல்லிப் பங்களா கட்டினான். வேற நாட்டுப் பணத்தில கடை வெச்சவன் நம்ம தெருவையே வாங்குறான். நாம இங்க சும்மா பார்த்துட்டு நிக்கிறோம்."

பாபு தலையாட்டினான். "சேச்சி பறயுன்னது செரிதான்" என்றான். அவன் வேலையை இப்போது செய்கிற வடக்கத்திப் பையன்கள் அவளுடைய கிடங்கில் அப்போதும் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் தூரம். பாபு எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அவள் நடத்திய ஊர்வலத்தில் கொடியை அவன்தான் தூக்கிக்கொண்டு போனான். ஒருவனைப் பிழைப்பிலிருந்து இறக்கிவிட்டு, அவனையே பின்னால் நடக்க வைக்க ஒரு திறமை வேண்டும். எனக்கு வீட்டில் உப்பு கேட்டால்கூட இரண்டுதடவை கேட்க வேண்டியிருக்கிறது.

பிறகுதான் ஸ்டிக்கர் வந்தது. உள்ளங்கை அகலம். ஒரு குத்துவிளக்குப் படம், அதன்கீழ் மலையாளத்தில் "நம்முடெ கட". நம்ம கடை. பாபுவும் இன்னும் நாலு பேரும் வரிசையாகக் கடைகளுக்குப் போய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். யாருக்கு ஒட்டினார்கள், யாருக்கு ஒட்டவில்லை என்று பலகைகளில் இருக்கும் பெயர்களைப் படித்துக்கொண்டே தெருவில் நடந்தால் விளங்கிவிடும். எந்தக் கடையிலும் வாங்காதே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கபீர் அவளிடம் கேட்கப் போனான். நானும் கூடப் போனேன். அவன் குரல் கெஞ்சுவதுபோல இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. "சந்தைக்கு மதம் தெரியாதுன்னு நீங்கதானே பறஞ்சீங்க?"

"இப்பவும் அதைத்தான் சொல்றேன், பாய்" என்று அவன் பக்கத்தில் வந்து நின்றாள். "சந்தைக்குத் தெரியாது. வாங்குறவங்களுக்குத் தெரியலாம் இல்லையா? யார்கிட்ட வாங்கணும்னு தீர்மானிக்க அவங்களுக்கு உரிமை வேண்டாமா? நான் யாரையும் தடுக்கலை. தெரிஞ்சு வாங்குங்கன்னு சொல்றேன். நாம ரெண்டு பேரும் இத்தனை வருஷம் பேசினது இந்த உரிமையைத்தானே."

கபீருக்குத் தெரிந்த பதில்களெல்லாம் அவளிடம் கற்றவை. எனக்கு ஒரு பதில் தோன்றியது. ஆனால் அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

எங்கள் கடைக்கு அவர்கள் ஸ்டிக்கர் கொண்டுவரவில்லை. வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று நான் தயாராக இருந்தேன். பாபு பசையோடு நெருங்கும்போது எழுந்து நின்று, "இந்தக் கடைக்கு ரெண்டு அப்பா. ஒட்டணும்னா ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டு வா" என்று தெரு கேட்கச் சொல்ல வேண்டும். கபீர் அதைக் கேட்க வேண்டும். சரசுவிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். தினமும் காலையில் சட்டையைக்கூடக் கொஞ்சம் பார்த்துப் போட்டுக்கொண்டேன். எங்கள் இடதுபக்கக் கடையில் ஒட்டினார்கள். வலதுபக்கம் அவளுடையது. நடுவே எங்கள் வாசலை, சுவரைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போய்விட்டார்கள்.

நான் மறுப்பதற்குக்கூட ஒருவனும் என்னிடம் வந்து கேட்கவில்லை. கோபத்தில் எழுந்து அவள் கடைக்குப் போனேன். கபீர் அன்று களமசேரியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தான். அவள் கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"வரிசையா எல்லாக் கடைக்கும் போனீங்க. எங்க கடைக்கு வாசல் இல்லையா? எங்களைப் பார்த்தா ஆளாத் தெரியலையா?" என்றேன்.

நான் எதிர்பார்த்தது என்னவென்றால், அவள் ஸ்டிக்கரை நீட்டுவாள், நான் வாங்கி அவள் முன்னாலேயே கிழிப்பேன். அவள் நீட்டவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வந்து, என் பக்கத்தில் நின்றாள். இருவரும் தெருவைப் பார்த்து நின்றோம். அங்கிருந்து எங்கள் பலகை சாய்வாகத் தெரிந்தது.

"எனக்கு ஆசை இல்லாமலா, அண்ணே" என்றாள் தாழ்ந்த குரலில். "பலகையில பேரு ரெண்டா இருக்கே. நாம என்ன செய்ய முடியும்?"

அந்தப் பலகையை நான் எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்தபோது யாரோ ஒருவர் கடையின் பலகை மாதிரி இருந்தது. அவளிடம் ஒரு சூடு உண்டு, நம் பக்கம் ஆள் இருக்கிறது என்று தோன்றவைக்கும் சூடு. பாபுவுக்கு, கபீருக்கு, சரசுவுக்கு என்ன கிடைத்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் எனக்கு மட்டும் கிடைக்காதது. சுதாரித்துக்கொண்டு, "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கொடுக்காததை வேண்டாம் என்று சொன்னால் யாருக்கும் கேட்பதில்லை. இருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அதன்பிறகு எங்கள் கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். சண்டையில்லை, கல்லெறி இல்லை. பழகிய முகங்கள் வாசல்வரை வந்து, கண்ணாடியில் எதையோ தேடி, போன் வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். கபீர் பேச்சைக் குறைத்துக்கொண்டான். நான் நிறுத்ததைத் திரும்ப நிறுப்பதையும் விட்டுவிட்டான். அது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மழைக்காலம் முடிந்த ஒரு மதியம், அவன் தன் சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். தொப்பி, மூக்குக் கண்ணாடிக் கூடு, சாயாத் தம்ளர். கடையில் தன் பாதியை விற்றுவிட்டதாகச் சொன்னான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் யாருக்கோ மிளகு காட்டும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"உன்கிட்டேன்னா விலை பேசணும். நம்ம ரெண்டு பேருக்குள்ள எப்படிடா விலை பேசறது? அவங்ககிட்ட பேசலாம். சந்தை விலை என்னவோ அதைத் தரேன்னாங்க."

"சந்தை விலையை இந்தக் கதிக்குக் கொண்டுவந்தது யாரு?"

அவன் தம்ளரைக் காகிதத்தில் சுற்றினான். பிறகு, பையைப் பார்த்தபடியே கேட்டான். "நீ போய் ஸ்டிக்கர் கேட்டியாமே?"

"யாரு சொன்னா?"

"அவங்கதான். குத்தமாச் சொல்லலை. பாவம், அண்ணனுக்கும் குடும்பம் இருக்கு, நான்தான் கொடுக்க முடியாதுன்னுட்டேன், அவர்மேல வருத்தப்படாதீங்க பாய்னாங்க."

எனக்காகப் பரிந்தும் பேசியிருக்கிறாள். நான் பொய் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் போனது உண்மை, கேட்டதும் உண்மை. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லத் தொடங்கினேன். கோபத்தில்தான் போனேன். கொடுத்தால் கிழிக்கத்தான் கேட்டேன். அவள் கொடுக்கவில்லை. அதனால் கிழிக்கவில்லை. பாபு வந்தால் சொல்வதற்கு ஒரு வசனம் வைத்திருந்தேன், ரெண்டு அப்பா என்று. அதையும் சொன்னேன். ஆனால் பாபு வரவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்லச் சொல்ல என் காதிலேயே அது சாக்குப்போக்கு மாதிரி விழுந்தது. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொன்னேன். குரல் வேறு ஏறிவிட்டது.

கபீர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டான். "செரி, விடு" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் பையோடு இறங்கிப் போனான்.

ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை, அத்தனையும் உண்மை. எனக்காக அதே கதையை அவள் சொல்லியிருந்தால் கபீர் நம்பியிருப்பான்.